காமினோ தே சாந்தியாகோ நடைப்பயணம்: தனியார் தங்குமிடங்களை முன்பதிவு செய்ய முழுமையான வழிகாட்டி

பிரான்ஸ் எல்லையில் இருக்கும் சேன் ழான் பியே தெ போரிலிருந்து ஸ்பெயினின் சாந்தியாகோ தே கொம்போஸ்தெலா வரை, காமினோ தே சாந்தியாகோ எனப்படும் கிறிஸ்தவ யாத்திரைப் பாதைகளில் ஒன்றான காமினோ பிரான்செஸ் ஏறத்தாழ 780 கிலோமீட்டர். பெரும்பாலானவர்கள் 30 முதல் 35 நாட்களில் நடந்து முடிக்கிறார்கள். அத்தனை இரவுகளும் கிட்டத்தட்ட வேறு வேறு ஊர், வேறு வேறு கட்டில். எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே பதிவு செய்துவிட்டுப் போவதா, போகிற இடத்தில் பார்த்துக்கொள்வதா என்பதுதான் கிளம்புகிற எல்லோருக்கும் வரும் கேள்வி.

எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. முப்பது இரவுகளையும் முன்கூட்டியே கட்டிப்போட்டால், மூன்றாம் நாள் காலில் கொப்புளம் வந்து ஒரு நாள் தங்க நேர்ந்தாலே மீதி எல்லாப் பதிவும் சரிந்துவிடும். எதுவுமே பதிவு செய்யாமல் மே மாதத்திலோ செப்டம்பரிலோ போனால், சில ஊர்களில் மாலை நான்கு மணிக்கு ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டியிருக்கும். ஆட்கள் அதிகமாகவும் கட்டில்கள் குறைவாகவும் இருக்கும் சில இடங்களை மட்டும் மாதக்கணக்கில் முன்பே பிடித்துவிடுங்கள். மற்ற இடங்களை ஒரு நாள், இரண்டு நாள் முன்னால் பதிவு செய்தால் போதும். அந்தச் சில இடங்கள் எவை, எப்படிப் பிடிப்பது என்பதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில், எந்த மாதிரி இடங்கள் இருக்கின்றன

யாத்ரிகர்களுக்கான விடுதியை அங்கே அல்பெர்கே என்கிறார்கள். நகராட்சி நடத்துவது, தேவாலயம் நடத்துவது, சாந்தியாகோ இருக்கும் கலீசியா மாநிலத்தின் அரசு நடத்துவது, தனியார் நடத்துவது என்று பல வகை உண்டு. அரசு, நகராட்சி அல்பெர்கேக்களில் பெரும்பாலும் முன்பதிவே கிடையாது. முதலில் வருபவருக்கு முதல் கட்டில், அதுவும் ஓர் இரவுக்கு மட்டும். கையில் கிரெதென்சியால் எனப்படும் யாத்ரிகர் கடவுச்சீட்டு இருக்க வேண்டும். கட்டணம் சுமார் 10 யூரோ. சில தேவாலய விடுதிகளில் கட்டணமே இல்லை, முடிந்ததை உண்டியலில் போடலாம். அப்படிப் போடும்போது அடுத்து வருபவரின் சாப்பாட்டுக்கும் சேர்த்துத்தான் போடுகிறோம் என்பதை நினைவில் வையுங்கள்.

தனியார் அல்பெர்கேயில் பதிவு செய்யலாம். ஆனால் தனியார் என்றதும் தனி அறை என்று எண்ணிவிட வேண்டாம். நடத்துபவர்தான் தனியார், உள்ளே இருப்பது பெரும்பாலும் எட்டு, பத்து பேர் படுக்கும் அடுக்குக் கட்டில்கள்தான். ஒரு கட்டிலுக்கு 14 முதல் 20 யூரோ வரை ஆகும். அதே கட்டடத்தில் இரண்டு மூன்று தனி அறைகளும் வைத்திருப்பார்கள். குறட்டைச் சத்தத்தில் தூக்கம் வராதவர்களுக்கு இவை நல்ல தேர்வு, ஏனென்றால் இரவுச் சாப்பாட்டுக்கு மற்ற யாத்ரிகர்களோடு ஒரே மேசையில் உட்காரலாம், படுக்க மட்டும் தனி அறைக்குப் போகலாம்.

அதற்கு மேலே பென்சியோன், ஒஸ்தால் எனப்படும் சிறிய விடுதிகள். பொதுக் குளியலறையோடு ஒற்றை அறை 30 முதல் 45 யூரோ, தனிக் குளியலறையோடு இருவர் அறை 50 முதல் 80 யூரோ என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். காசா ரூரால் என்பவை கிராமத்து வீடுகள். பல நேரம் பாதையை விட்டுச் சற்றுத் தள்ளி இருக்கும், அமைதிக்குக் குறைவிருக்காது. பரதோர் என்பவை பழைய அரண்மனைகளையும் மடங்களையும் தங்குமிடமாக மாற்றி அரசு நடத்தும் ஓட்டல்கள். லியோனில் இருக்கும் சான் மார்கோஸ், சாந்தியாகோ பேராலயத்தின் பக்கத்திலேயே இருக்கும் ஓட்டல் இரண்டும் ஒரு காலத்தில் யாத்ரிகர்களுக்கு இடம் கொடுத்த இடங்கள். விலை அதிகம்தான். ஒரே ஓர் இரவாவது தங்க முடிந்தால் தங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

படி 1: வரைபடத்துக்கு முன் நாட்காட்டி

அதே ஊர், அதே விடுதி, மார்ச் மாதத்தில் பாதி காலியாக இருக்கும். மே நடுவிலிருந்து ஜூன் வரையிலும், செப்டம்பரிலும் காமினோ பிரான்செஸின் முதல் வாரப் பகுதி நிரம்பி வழியும். ஸ்பெயின்காரர்களின் விடுமுறைக் காலமான ஜூலை, ஆகஸ்டில் நெருக்கடி கடைசி 100 கிலோமீட்டருக்குத் திரும்பிவிடும். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்திலும், அந்தக் கடைசிப் பகுதி தொடங்கும் சாரியா ஊருக்குப் பிறகு கூட்டம்தான். 2024ஆம் ஆண்டில் மட்டும், நடந்து முடித்தவர்களுக்குத் தரும் கொம்போஸ்தெலா சான்றிதழை வாங்கியவர்கள் ஐந்து லட்சத்தை ஒட்டி இருந்தார்கள். ஜூலை 25ஆம் தேதி புனித யாகப்பர் திருநாள். அது ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் அந்த ஆண்டு புனித ஆண்டு, கூட்டமும் கூடும். அடுத்தது 2027. அந்த ஆண்டில் நடக்க நினைத்தால், இங்கே நான் சொல்கிற எல்லாக் காலக்கெடுவையும் இன்னும் சில மாதம் முன்னே தள்ளிக்கொள்ளுங்கள்.

பிறகு ஊர்த் திருவிழாக்கள். பம்ப்லோனாவில் ஜூலை 6 முதல் 14 வரை சான் ஃபெர்மின், அதாவது காளைகளை ஓடவிடும் விழா. அந்த நாட்களில் அங்கே அறை விலை பல மடங்கு ஏறும், தூக்கமும் கிடைக்காது. அந்த ஊரைக் கடந்துபோய் அடுத்த ஊரில் தங்குவதே நல்லது. லொக்ரோன்யோவில் செப்டம்பர் 21ஐ ஒட்டி சான் மதேயோ விழா, புர்கோஸில் ஜூன் கடைசியில் ஒரு விழா. பெரிய ஊரில் எப்போதும் இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கை இந்த நாட்களில் செல்லாது. மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 12 போன்ற அரசு விடுமுறைகள் வார இறுதியை ஒட்டி வந்தால் ஸ்பெயின் முழுவதும் ஊர் சுற்றக் கிளம்பிவிடும். அந்தத் தேதிகளையும் குறித்து வையுங்கள்.

குளிர்காலத்தில் சிக்கல் வேறு. நவம்பர் முதல் மார்ச் வரை தனியார் விடுதிகள் பல மூடிவிடும். அப்போது முன்பதிவின் நோக்கம் கட்டில் பிடிப்பது அல்ல, கதவு திறந்திருக்கிறதா என்று கேட்டு வைப்பது.

படி 2: நாளுக்கு எவ்வளவு தூரம் என்று ஒரு வரைவு

வழிகாட்டிப் புத்தகங்கள் பாதையைத் தினப் பகுதிகளாகப் பிரித்துக் காட்டும். ஏறக்குறைய எல்லோரும் அந்தப் பகுதி முடியும் ஊரிலேயே தங்க நினைப்பதால்தான் அந்த ஊர்கள் நிரம்புகின்றன. மூன்று கிலோமீட்டர் முன்னாலோ ஐந்து கிலோமீட்டர் பின்னாலோ இருக்கும் கிராமத்தில் அதே நாளில் கட்டில் காலியாகக் கிடக்கும். எனக்குத் தெரிந்து, பதிவு விஷயத்தில் இதைவிடப் பயனுள்ள யோசனை வேறு இல்லை. கூடுதலாக ஒரு நன்மையும் உண்டு: காலையில் மற்றவர்களோடு ஒரே நேரத்தில் பாதையில் இறங்க மாட்டீர்கள், கூட்டம் உங்களுக்கு முன்னாலோ பின்னாலோ போய்விடும்.

முதல் வாரத்துக்கு நாளுக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் திட்டமிடாதீர்கள். ஊரில் மைதானத்தில் நடந்து பழகியிருந்தாலும் முதுகில் பையோடு நாள்தோறும் நடப்பது வேறு. ஒவ்வொரு ஏழெட்டு நாளுக்கும் ஓர் ஓய்வு நாளை எழுதி வையுங்கள். அரசு விடுதியில் ஓர் இரவுதான் என்பதால் ஓய்வு நாளுக்குத் தனியார் இடம்தான் வேண்டும். புர்கோஸ், லியோன் இரண்டும் அதற்குத் தோதான நகரங்கள்: மருந்துக்கடை, துணி வெளுக்கும் இயந்திரம், பார்க்க ஒரு பேராலயம், எல்லாம் உண்டு.

படி 3: முன்பே பிடித்துவிட வேண்டிய இரவுகள்

சேன் ழானிலிருந்து முதல் நாள் பிரனீஸ் மலையைத் தாண்ட வேண்டும். ரொன்செஸ்வாயெஸ் வரை சுமார் 25 கிலோமீட்டர், ஏற்றம் 1,200 மீட்டருக்கு மேல். இதை ஒரே நாளில் செய்ய உடம்பு ஒத்துழைக்காது என்று தோன்றினால் எட்டாவது கிலோமீட்டரில் ஒரிசோன் விடுதி இருக்கிறது, பக்கத்திலேயே போர்தா என்று ஒரு சிறிய இடமும். இரண்டிலும் கட்டில்கள் கொஞ்சம்தான். நல்ல பருவத்துத் தேதிகள் மாதங்களுக்கு முன்பே போய்விடும். எனவே உங்கள் விமானச் சீட்டு உறுதியானவுடன் பதிவு செய்ய வேண்டிய முதல் இடம் இதுதான். இங்கே கிடைக்காவிட்டாலும் வழி இருக்கிறது: சேன் ழானில் இரண்டு இரவு பதிவு செய்யுங்கள், முதல் நாள் ஒரிசோன் வரையோ அதற்குச் சற்று மேலேயோ நடந்து வாடகை வேனில் சேன் ழானுக்குத் திரும்பி, மறுநாள் அதே இடத்துக்கு வேனில் போய் மீதியை நடக்கலாம். முதல் நாள் முழங்காலைக் கெடுத்துக்கொண்டு வீடு திரும்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஒரு விஷயம்: இந்த மலைப்பாதை நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை மூடப்படும். அப்போது வால்கார்லோஸ் வழியாகப் பள்ளத்தாக்குப் பாதையில்தான் போக வேண்டும். குளிர்காலத்தில் ஒரிசோனை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ரொன்செஸ்வாயெஸில் இருப்பது மடத்தைச் சேர்ந்த பெரிய அல்பெர்கே. இது தனியார் இல்லை என்றாலும் இணையத்தில் முன்பதிவு ஏற்கிறது. செய்துவிடுங்கள். அதற்கு அடுத்த நாள் சுபிரி. முன்னூறு பேர் மலையிலிருந்து இறங்கி ஒரு சின்ன ஊருக்குள் நுழைந்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கே ஆகும். சுபிரியில் கிடைக்காவிட்டால் இன்னும் ஐந்தரை கிலோமீட்டர் நடந்து லர்ரசோவான்யா போகலாம், அல்லது முன்கூட்டியே எஸ்பினாலிலோ பிஸ்கர்ரெத்தாவிலோ நின்றுவிடலாம். பம்ப்லோனாவை எட்டியதும் மூச்சு விடலாம். பெரிய நகரம், திருவிழா இல்லாத நாட்களில் இடத்துக்குப் பஞ்சமில்லை.

ஆக சேன் ழான், ஒரிசோன் அல்லது நேராக ரொன்செஸ்வாயெஸ், சுபிரி. இந்த மூன்று நான்கு இரவுகள் கட்டாயம். அதன் பிறகு லொக்ரோன்யோ, புர்கோஸ் வரை முந்தைய நாள் பதிவே போதும். புர்கோஸுக்கும் லியோனுக்கும் நடுவே மெசேத்தா எனும் பரந்த சமவெளி. சிலர் பேருந்து பிடித்து இதைத் தாண்டிவிடுவதால் கூட்டம் குறையும். ஒர்நியோஸ், ஒந்தானாஸ் போன்ற குட்டி ஊர்களில் மட்டும் முந்தைய நாளே கூப்பிட்டுவிடுங்கள். கரியோன் தே லோஸ் கோந்தெஸிலிருந்து கல்சாதியா தே லா குவேசா வரை 17 கிலோமீட்டருக்கு ஊரே கிடையாது. அந்தப் பக்கத்தில் கட்டில் உறுதி செய்யாமல் பிற்பகலில் கிளம்பக் கூடாது.

மலைமேல் இருக்கும் ஓ செப்ரெய்ரோ அடுத்த குறுகிய வாசல். சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் கைவிரலில் எண்ணிவிடக்கூடிய வீடுகள். எல்லோரும் அங்கேதான் இரவு தங்க ஆசைப்படுவார்கள். ஆசை நியாயமானதுதான், அந்தக் காலைப்பொழுதுக்கு ஈடு இல்லை. ஒரு வாரம் பத்து நாள் முன்னால் உங்கள் வேகம் தெளிவானதும் அறை பிடித்துவிடுங்கள்.

கடைசியாக, சாரியாவிலிருந்து சாந்தியாகோ வரையிலான சுமார் 115 கிலோமீட்டர். கொம்போஸ்தெலா சான்றிதழுக்குக் கடைசி 100 கிலோமீட்டராவது நடந்திருக்க வேண்டும் என்பதால் ஏராளமானவர்கள் சாரியாவிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பள்ளிக் குழுக்களும், பயண ஏற்பாட்டு நிறுவனங்கள் மொத்தமாக அறை பிடித்துக் கூட்டிவரும் குழுக்களும் இங்கேதான் சேரும். வழக்கமான இரவுத் தங்கல்கள் போர்த்தோமரின், பாலாஸ் தே ரெய், அர்சுவா, ஓ பெத்ரௌசோ. சாரியாவிலிருந்தே தொடங்குபவர்கள், ஐந்தாறு நாளில் கால் பெரிதாகத் திட்டத்தை மாற்றாது என்பதால், எல்லா இரவையும் இரண்டு மூன்று மாதம் முன்பே பதிவு செய்வது நல்லது. நீண்ட தூரம் நடந்து வருபவர்கள் லியோனை அடைந்ததும் இந்தப் பகுதிக்கான அறைகளைப் பதிவு செய்ய உட்காருங்கள். நெருக்கடி காலத்தில் ஃபெர்ரெய்ரோஸ், வெந்தாஸ் தே நரோன், ரிபதிசோ, சல்செதா, லவகொயா என்று இடைப்பட்ட கிராமங்களைத் தேடுங்கள்.

விசாவுக்குக் காட்ட வேண்டிய பதிவுகள்

இந்திய, இலங்கை கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். விண்ணப்பத்தில் தங்குமிட விவரம் கேட்பார்கள். நடைப் பயணமோ நாளுக்கு நாள் மாறும். இந்த இரண்டையும் இணைக்க, நீங்கள் உண்மையாகவே போடுகிற வரைவுத் திட்டத்தின்படி, இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறைகளைப் பதிவு செய்து, கூடவே தினம் எங்கிருந்து எங்கே நடக்கிறீர்கள் என்ற அட்டவணையையும் காமினோ பற்றிய ஒரு சிறு விளக்கக் கடிதத்தையும் வையுங்கள். போகாத ஊருக்குப் பொய்ப் பதிவு வைக்க வேண்டாம். பெரும்பாலான இரவுகள் ஸ்பெயினில் என்பதால், பிரான்ஸில் தொடங்கினாலும் விண்ணப்பம் ஸ்பெயினுக்குத்தான். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கட்டாயம். விசா வந்த பிறகு, எந்தப் பதிவை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று பார்த்து, விட வேண்டியதை உடனே ரத்து செய்யுங்கள். கடைசி நாள் வரை இழுக்காதீர்கள்.

படி 4: தேடுவதும் தொடர்புகொள்வதும்

புக்கிங் டாட் காம் போன்ற தளங்களில் பென்சியோன்களும் தனி அறைகளும் நிறைய இருக்கும். ஆனால் அங்கே இடம் இல்லை என்று காட்டுவதை வைத்து ஊரே நிரம்பிவிட்டது என்று முடிவு செய்துவிடாதீர்கள். சிறிய விடுதிக்காரர்கள் நான்கு அறையில் இரண்டை மட்டும் தளத்தில் போட்டுவிட்டு, மீதியைத் தொலைபேசியில் கேட்பவர்களுக்கென்று வைத்திருப்பார்கள். தளத்தில் சேராத விடுதிகளும் பல. எனவே குரோன்சே என்ற ஸ்பானிய இணையதளம், வைஸ் பில்கிரிம், புயென் காமினோ போன்ற செயலிகள் எதிலாவது ஊர்வாரியான விடுதிப் பட்டியலைப் பாருங்கள். தொலைபேசி எண், விலை, எந்த மாதங்களில் திறந்திருக்கும் என்பது எல்லாம் அங்கே கிடைக்கும். பிறகு நேரடியாகக் கூப்பிடுங்கள். தளத்துக்குப் போகும் கமிஷன் விடுதி நடத்தும் குடும்பத்துக்கே மிஞ்சும் என்பதும் நேரடிப் பதிவில் எனக்குப் பிடித்த விஷயம்.

ஸ்பெயினின் குறியீடு +34, அதன் பின் ஒன்பது இலக்கம். பலர் வாட்ஸ்அப்பிலேயே பதில் சொல்வார்கள். செய்தியைச் சிறிய வாக்கியங்களாக எழுதி, மொழிபெயர்ப்புச் செயலியில் ஸ்பானியத்துக்கு மாற்றி அனுப்புங்கள். அதில் இருக்க வேண்டியவை: உங்கள் பெயர், எந்த இரவு, எத்தனை பேர், கட்டிலா அறையா, எத்தனை மணிக்கு வருவீர்கள், நடந்து வருகிறீர்கள் என்பது. தேதியில் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள்; 5/6 என்றால் எது நாள் எது மாதம் என்ற குழப்பம் வரும். உறுதி செய்து ஒரு வரி பதில் அனுப்பும்படி கேட்டு, அந்தப் பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். போர்ச்சுகல் வழியாக நடப்பவர்கள், அங்கே கடிகாரம் ஸ்பெயினைவிட ஒரு மணி நேரம் பின்னால் இருப்பதையும் கவனியுங்கள்.

கூப்பிடுவதாக இருந்தால் மாலை ஐந்து மணிக்குப் பிறகு கூப்பிடுங்கள். காலையில் அவர்கள் அறை துடைத்துப் படுக்கை மாற்றிக்கொண்டிருப்பார்கள், மதியம் வந்து சேருபவர்களைக் கவனிப்பார்கள். ஆங்கிலம் தெரியாதவர் எடுத்தால் நாலு வாக்கியம் போதும். “தியேனே உனா காமா பாரா மன்யானா?” என்றால் நாளைக்கு ஒரு கட்டில் இருக்கிறதா என்று பொருள். இன்றிரவுக்கு என்றால் “பாரா எஸ்தா நோச்சே”. தனி அறைக்கு “உனா அபிதாசியோன் இந்திவிதுவால்”. தனிக் குளியலறை வேண்டும் என்றால் “கொன் பான்யோ பிரிவாதோ” என்று சேருங்கள். முழங்கால் வலிப்பவர்கள் “காமா தே அபாஹோ” என்று கீழ்க்கட்டிலைக் கேட்கலாம். “கொம்ப்ளேதோ” என்று பதில் வந்தால் இடம் இல்லை. அப்போதும் வைத்துவிடாதீர்கள். வேறு யாரிடம் கேட்கலாம் என்று கேளுங்கள், பக்கத்து விடுதி எண்ணை அவர்களே தருவார்கள்.

படி 5: உறுதி செய்யும் முன் கேட்க வேண்டியவை

பாதையிலிருந்து எவ்வளவு தூரம் என்பது முதல் கேள்வி. வரைபடத்தில் இரண்டு கிலோமீட்டர் என்று தெரிவது, 25 கிலோமீட்டர் நடந்த பிறகு மேலும் அரை மணி நேரம், மறுநாள் திரும்பி வர இன்னொரு அரை மணி நேரம். பல கிராமத்து வீடுகளில் காரில் வந்து கூட்டிப்போய் மறுநாள் அதே இடத்தில் விட்டுவிடுவார்கள். அது இலவசமா, எங்கே வந்து நிற்பார்கள் என்று முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஊரில் கடை இல்லை என்றால் இரவுச் சாப்பாடு அங்கேயே உண்டா என்றும் கேளுங்கள். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். சொன்னால் பெரும்பாலும் தனியாகச் சமைத்துத் தருவார்கள், வந்து உட்கார்ந்த பிறகு சொன்னால் சாலட்டும் ரொட்டியும்தான் கிடைக்கும். சமையலறை இருக்கிறது என்று சொன்னால் பாத்திரமும் இருக்கிறதா என்று கேட்பது நல்லது.

இருவராகப் போகிறவர்கள் தனித்தனிக் கட்டில் வேண்டும் என்றால் “தோஸ் காமாஸ்” என்று தெளிவாகச் சொல்லுங்கள். வெறுமனே இருவர் அறை என்றால் ஒரே பெரிய கட்டில் இருக்கக்கூடும். நண்பர்களாகவோ மாமியார் மருமகளாகவோ போகும்போது இது சின்ன விஷயமில்லை. போர்வை தருவார்களா, துணி துவைக்க வசதி உண்டா, காலை எத்தனை மணிக்குக் கதவு திறக்கும், இதெல்லாம் ஒரே செய்தியில் கேட்டுவிடலாம்.

எத்தனை மணி வரை கட்டிலை வைத்திருப்பார்கள் என்பதை மறக்காமல் கேளுங்கள். பல தனியார் அல்பெர்கேக்கள் முன்பணம் வாங்குவதில்லை. அதற்குப் பதிலாக ஒரு நேரம் சொல்வார்கள், மூன்று மணி அல்லது நான்கு மணி என்று. அதற்குள் வராமலும் கூப்பிடாமலும் இருந்தால் வாசலில் நிற்பவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

பணமும் ரத்தும்

சிறிய ஊர்களில் ரொக்கம்தான் நிச்சயம். இரண்டு மூன்று நாளுக்குப் போதுமான யூரோ எப்போதும் கையில் இருக்கட்டும். வெளிநாட்டு வங்கிக் கணக்குக்கு முன்பணம் அனுப்பச் சொன்னால், அனுப்பும் கட்டணமே அறை வாடகையில் பாதி ஆகிவிடலாம். கார்டில் கட்ட முடியுமா என்று கேளுங்கள், இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள். பதிவு செய்த பிறகு, கார்டு விவரத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று ஒரு இணைப்போடு செய்தி வந்தால் அதைத் தொடாதீர்கள். விடுதியின் பெயரில் இப்படி ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள். விடுதி எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டு விசாரியுங்கள்.

ரத்து செய்வதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். முன்பணம் வாங்காமல் நம்பிக் கட்டில் வைத்திருக்கும் ஒருவருக்குத் தகவல் சொல்லாமல் போகாமல் இருப்பது பெரிய தவறு. இரண்டு மூன்று இடத்தில் பதிவு செய்து வைத்து, கால் எப்படி இருக்கிறது என்று பார்த்து ஒன்றில் மட்டும் போய்ப் படுப்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அவர்கள் விட்ட காலிக் கட்டிலுக்கு வெளியே, இடம் இல்லை என்று சொல்லப்பட்ட ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடந்துபோகிறார். ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும், அதைக் காலையிலேயே அனுப்பிவிடுங்கள்.

பாதையில் இறங்கிய பிறகு தினசரி வழக்கம்

சாயங்காலம் குளித்து, துணி காயப்போட்டு, காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருக்கும் நேரத்தில் நாளைக்கான கட்டிலைப் பிடித்துவிடுங்கள். அப்போதுதான் கால் என்ன சொல்கிறது என்று தெரியும், வானிலையும் தெரியும். கூட்டமான பருவமாக இருந்தால் இரண்டு நாள் முன்னால் செய்யுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஸ்பானிய சிம் கார்டு ஒன்று வாங்கிக்கொண்டால், விடுதிக்காரர்களும் உங்களைத் தயங்காமல் கூப்பிடுவார்கள்.

பையை வண்டியில் அனுப்புபவர்களுக்கு முன்பதிவு இன்னும் அவசியம். ஸ்பெயின் அஞ்சல் துறையே இந்தச் சேவையை நடத்துகிறது, தனியார் நிறுவனங்களும் உண்டு. ஒரு நாள் தூரத்துக்கு ஒரு பைக்கு ஐந்து முதல் ஏழு யூரோ, எடை 15 கிலோவுக்குள். பை எங்கே போய்ச் சேர வேண்டும் என்று விடுதிப் பெயர் எழுத வேண்டும். கலீசியா அரசு விடுதிகள் இப்படி வரும் பைகளை ஏற்பதில்லை. தனியார் இடங்கள் வாங்கி வைத்துக்கொள்ளும். கடவுச்சீட்டு, மருந்து, பணம் மூன்றையும் எப்போதும் உங்கள் தோளிலேயே வையுங்கள்.

போய்ச் சேர்ந்ததும்

கடவுச்சீட்டை அசலாகக் காட்ட வேண்டும். தங்குபவர்களின் விவரங்களைப் பதிந்து அரசுக்கு அனுப்ப வேண்டும் என்பது ஸ்பெயின் சட்டம், 2024 டிசம்பரிலிருந்து கேட்கும் விவரங்கள் கூடியிருக்கின்றன. முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல் எல்லாம் கேட்டால் சந்தேகப்பட வேண்டாம். பையைக் கட்டிலில் வைப்பதற்கு முன் மெத்தையின் ஓரத் தையலைத் தூக்கி மூட்டைப்பூச்சித் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சத்தமில்லாமல் உரிமையாளரிடம் சொல்லி வேறு அறை கேளுங்கள்.

கிரெதென்சியாலில் முத்திரை வாங்குங்கள். கடைசி 100 கிலோமீட்டரில் நாளுக்கு இரண்டு முத்திரை வேண்டும். பெத்ரௌசோ, அர்சுவா பக்கம் சில பென்சியோன்களில் ஆளே இருக்க மாட்டார்கள், கதவுக்கு எண் பூட்டு மட்டும்தான். அங்கே தங்கும் நாளில் ஒரு தேவாலயத்திலோ காபிக் கடையிலோ இரண்டையும் வாங்கிவிடுங்கள்.

எங்கேயும் இடம் கிடைக்காத நாள்

பயப்பட ஒன்றுமில்லை. முதலில், நீங்கள் நிற்கும் ஊரின் அல்பெர்கே பொறுப்பாளரிடம் போய்ச் சொல்லுங்கள். ஒஸ்பிதலேரோ என்று அழைக்கப்படும் இவர்களில் பலர் தாங்களே முன்பு நடந்தவர்கள். நாலு இடத்துக்குப் போன் போட்டு ஏதாவது ஏற்பாடு செய்யப் பார்ப்பார்கள். நெருக்கடி நாட்களில் சில ஊர்களில் விளையாட்டு அரங்கையும் திறந்துவிடுவார்கள். அதுவும் இல்லையென்றால் அருகிலிருக்கும் பெரிய ஊருக்கு வாடகைக் கார் பிடித்துப் போய்த் தங்கி, மறுநாள் காலை அதே காரில் நிறுத்திய இடத்துக்கே வந்து நடக்கத் தொடங்குங்கள். நிறுத்திய இடத்திலிருந்தே தொடர்வதால் ஓர் அடிகூட விடுபடாது, சான்றிதழுக்கும் சிக்கலில்லை. நாலு பேராகச் சேர்ந்து போனால் செலவும் தாங்கும். தனியாக நடக்கும் பெண்கள் மாலை ஆறு மணிக்கு மேல் அடுத்த ஊர்வரை நடந்து பார்க்கலாம் என்று கிளம்ப வேண்டாம், இந்தக் கார் வழியே நல்லது. அவசர உதவிக்கு எண் 112.

சாந்தியாகோவில்

ஊருக்குள் நுழையும் நாளுக்கு ஒன்றல்ல, இரண்டு இரவு பதிவு செய்யுங்கள். பழைய நகரத்தின் பேராலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் அறைகள் விலை கூடுதல், இரவில் சத்தமும் உண்டு. பத்து நிமிட நடைத் தொலைவில் விலை இறங்கும். ஜூலை 25ஐ ஒட்டிய வாரம் என்றால் இதையும் மாதக்கணக்கில் முன்பே செய்ய வேண்டும். மற்ற நாட்களில், சாரியாவுக்குப் பிறகான அறைகளைப் பிடிக்கும் அதே மாலையில் இதையும் சேர்த்துப் பிடித்துவிடலாம். விமானம் மறுநாள் அதிகாலை என்று வைத்துக்கொள்ளாதீர்கள். சான்றிதழ் அலுவலகத்தில் வரிசை இருக்கும், பேராலயத்தில் யாத்ரிகர் திருப்பலி பார்க்க நேரம் வேண்டும், வழியில் பழகியவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொண்டிருப்பார்கள்.